எப்போதும் அந்த ஒரு காயில்தான்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் நான். எனக்கு அடுத்தவன் தம்பி. அதோடு போதும் என்று அம்மா தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்ட பிறகு வந்து பிறந்தவள் சின்னவள். அவளுக்கு வைத்த பேர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. இப்போது தலை முழுக்க நரைத்து, படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் அவள் சின்னவள்தான். ஒரு சின்ன அலுமினிய டப்பாவால் அவள் புருஷன் பிழைப்புக்கு வந்த வினையையும், அதில் அவள் என்ன செய்தாள் என்பதையும் சொல்கிறேன்.

தம்பி ஏசி மெக்கானிக். படிப்பு ஏறவில்லை என்று அப்பா அவனை ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய் விட்டார். அழுக்கு ஃபில்டரைக் கழுவிப் போடுவதில் தொடங்கி, கேஸ் பிடிப்பது, கம்ப்ரசர் மாற்றுவது வரைக்கும் அங்கேயே கற்றுக்கொண்டு, தனியாக வந்துவிட்டான். வாய் சாமர்த்தியம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெரியவருக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரை எடுப்பான். ஊரில் அவனுக்குக் காத்துக்காரர் என்று பேர்.

சின்னவளுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தவனும் அவன்தான். எரிந்துபோன மோட்டார்களை அவன் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்துப் புதிதாகக் காயில் கட்டி வாங்குவது வழக்கம். கட்டுகிறவருக்கு அப்பா அம்மா கிடையாது. வளர்த்தது அத்தை. அந்த அத்தையை விசாரித்துப் பார்த்தால், எங்கள் அம்மாவின் பெரியப்பா மகள் ஒருத்தி இருந்தாளே, அவள் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்துச் சொந்தம். அது போதாதா. மோட்டார் கொடுக்கப் போனவன் தங்கையையும் கொடுத்துவிட்டு வந்தான் என்று கல்யாணத்தில் எங்கள் சித்தப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். ஆனால் வாய் திறக்க மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு "ம்". கோபமா சந்தோஷமா என்று அந்த "ம்"மின் நீளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாப்பிள்ளை வாய் ஓடுவதற்கும் ஒரு கெப்பாசிட்டர் மாட்ட வேண்டும் என்று தம்பி கேலி பண்ணுவான். சின்னவள், இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்பாள். சொன்னபடி பேசவும் செய்தாள்.

கடை வேறு, வீடு வேறு இல்லை. வாடகை வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு நீள மேஜை. அதன் முனையில் கையால் சுற்றும் காயில் மெஷின். சுவர் ஓரம் செப்புக்கம்பி உருளைகள், தலைமுடி கனத்திலிருந்து தென்னங்குச்சிக் கனம் வரைக்கும். மோட்டார் கூட்டின் உட்பள்ளமான காடிக்குள் சொருகுகிற பழுப்புக் காகிதம், மூங்கில் சிம்பு, வார்னிஷ் டப்பா. வார்னிஷ் காய்வதற்கு ஒரு தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு வைத்திருப்பார்கள். குளிர் காலத்தில் நான் போனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன்.

கல்யாணமான புதிதில் சின்னவள் அந்த அறையைப் பெருக்குவதோடு சரி. அப்புறம், எரிந்த காயிலைப் பிரித்துப் போடுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அது கஷ்டமான வேலை. மோட்டார் கூட்டை இரண்டு பாதத்துக்கு நடுவில் அண்டக்கொடுத்து, ஒரு பக்கத்துக் கம்பியை உளியால் வெட்டித் தள்ளி, கூட்டைச் சூடு காட்டி, மறு பக்கத்திலிருந்து குறட்டால் இழுக்க வேண்டும். வார்னிஷ் கெட்டித்துப்போய்க் கம்பி வரவே வராது. பிரித்ததும் காடி ஒவ்வொன்றையும் சுரண்டித் துடைத்து, காகிதம் வெட்டி மடித்துச் சொருகி, கட்டுவதற்குத் தயாராகப் புருஷன் முன்னால் வைப்பாள். அவர் பார்ப்பது சுத்தமான கூட்டை. எரிந்தது எப்படி எரிந்திருந்தது என்று பார்ப்பவள் அவள் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி வீட்டிலும் தங்கை வீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து காதில் வாங்கியதுதான். ஏசியின் வெளிப்பெட்டியில் சுற்றுகிற விசிறி மோட்டாருக்குள் இரண்டு காயில் உண்டு. ஒன்று ரன்னிங் காயில், இன்னொன்று ஸ்டார்ட்டிங் காயில். வீட்டுக்கு வருகிற கரண்டை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்குமே தவிரச் சுற்றாது. சைக்கிளில் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் அழுத்தினால் பெடல் நகருமா? ஒன்றுக்குப் பின் ஒன்றாக அழுத்த வேண்டும். அப்படி ஒரு காயிலுக்குக் கரண்டை முன்பின்னாகப் பிரித்து அனுப்புவதுதான் கெப்பாசிட்டர் என்கிற அந்த அலுமினிய டப்பாவின் வேலை. ஸ்டார்ட்டிங் காயில் என்று பேர்தானே தவிர, கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற காயில் இல்லை அது. மோட்டார் ஓடுகிற வரைக்கும் டப்பாவும் அந்தக் காயிலும் கூடவே உழைக்கும்.

டப்பாவின் மேல் இரண்டு கணக்கு எழுதியிருக்கும். ஒன்று வோல்ட், அது எவ்வளவு தாங்கும் என்பது. இன்னொன்று எம்எஃப்டி, அது எவ்வளவு தள்ளும் என்பது. வோல்ட் வேண்டியதை விடக் கூட இருந்தால் குற்றமில்லை. கெட்டியான டப்பா, அவ்வளவுதான். எம்எஃப்டி அப்படி இல்லை. மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் விவரப் பட்டையில் ஐந்து என்று போட்டிருந்தால் ஐந்துதான் மாட்ட வேண்டும்.

நாள்பட்டால் டப்பா சோர்ந்துபோகும். மூடி உப்பிக்கொள்ளும், சிலது எண்ணெய் கசியும். விசிறி உறுமிக்கொண்டு நிற்கும். ஜனங்கள் ஒரு குச்சியை எடுத்து ரெக்கையைத் தள்ளிவிடுவார்கள், சுற்றத் தொடங்கும். குச்சி வைத்தே ஒரு கோடையை ஓட்டியவர்கள் உண்டு. அதுவும் முடியாமல் போனால் காத்துக்காரரைக் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கம் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும். தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போட்டால் என்ன ஆகும். ஐந்துக்கு ஐந்து சரியாக மாட்டிவிட்டு வந்த வீட்டிலிருந்தும், விசிறி கிளம்பவில்லை என்று தம்பிக்கு ஆள் வரும். ஒரு தடவை கையில் ஐந்து இல்லாமல், ஏழரை எம்எஃப்டி டப்பா ஒன்றை மாட்டியிருக்கிறான். அந்த விசிறி, சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் எகிறிக் கிளம்பியிருக்கிறது. வோல்ட் கூட இருந்தால் நல்லதுதானே, இதுவும் அப்படித்தான் போல என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து விசிறி மோட்டார் எதுவானாலும் ஒரு படி மேலேதான். கம்ப்ரசரில் மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. அது விலை கூடியது, பயம். விசிறிக்கு அவன் கை வைத்தால் காற்று பறக்கிறது என்று ஊரே பேசிற்று. அவனும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தான்.

ஆனால் அந்த மோட்டார்கள் எரிந்து எரிந்து மாப்பிள்ளை மேஜைக்கு வந்தன. அவர் கட்டிக் கொடுத்தார். மறு கோடையில் அதே மோட்டார் திரும்ப வந்தது. நாலு மாடி லாட்ஜ் ஒன்று தம்பியின் பெரிய வாடிக்கை. மொட்டை மாடி முழுக்க வெளிப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கிருந்துதான் அதிகம் வந்தது.

மாப்பிள்ளைக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கம்பி வாங்குகிற இடத்தை மாற்றினார். வார்னிஷை இரண்டு தடவை விட்டுக் காய வைத்தார். காகிதத்தை இரட்டையாக மடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ம்" கூடக் குறைந்துபோயிற்று. ஒரு நாள் கடையில் வேறு வாடிக்கைக்காரர் நிற்கும்போதே தம்பி விளையாட்டுப் போல, மாப்பிள்ளை கம்பியை எண்ணி எண்ணிப் போடுகிறார் போலிருக்கிறது, இரண்டு சுற்று கூடப் போட்டால் சொத்தா குறைந்துவிடும் என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. நின்றவர் தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். வரவில்லை.

அதற்கு மேல் லாட்ஜ் மேனேஜர் சொல்லியனுப்பினார். கோடை தொடங்கும் முன் முடிவு பண்ணப் போகிறார்களாம். காயில் கட்டின மோட்டாரே இனி வேண்டாம், எரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்வதாக முதலாளி நினைக்கிறாராம். லாட்ஜ் போனால் மற்றவர்களும் போவார்கள். அந்த வேலை எல்லாம் போனால் முன் அறையை மூட வேண்டியதுதான். தொலைவில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நான் மட்டும் போய் இருந்துகொண்டு மாதா மாதம் அனுப்புகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார். கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் என்று சின்னவள் என்னிடம் சொன்னாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அடுத்த நாள் அவள் லாட்ஜ் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் காகிதம் மடித்துக்கொண்டிருந்தேன். உளியை நிறுத்தி, கூட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு காயில் கரிக்கட்டை. அதை ஒட்டினாற்போல் இருந்த இன்னொரு காயில், நேற்றுக் கட்டினதுபோல் பளபளவென்று இருந்தது. எழுந்துபோய், பிரிக்காமல் கிடந்த மற்ற மோட்டார்களையும் தூக்கிவந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். வேறு மெக்கானிக்குகள் கொடுத்ததில் சிலது முழுக்க எரிந்திருந்தது, சிலது பேரிங் இறுகி ரன்னிங் காயில் எரிந்திருந்தது. தம்பி கொடுத்தது எல்லாவற்றிலும் ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கரி.

"அக்கா, இவர் கட்டினதுதான் மோசம்னா ரெண்டு காயிலும்தானே போகணும். ஒரே கை, ஒரே கம்பிக் கடை."

 நான் மடித்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டுக்குள் குனிந்து பார்த்தேன். அவள் விடவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. இதெல்லாம் முதல் தடவை இங்க வந்தப்போ உள்ள இருந்தது கம்பெனிக் காயில். இவர் கையே படலை. அதையும் நான்தான் பிரிச்சேன். அதுலயும் இதே காயில்தான் எரிஞ்சு வந்துச்சு."

இதைச் சொன்னதும் கூட்டைக் கீழே வைத்தாள். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகிற கரண்ட் எதன் வழியாகப் போகிறது என்று அந்த வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா. கெப்பாசிட்டரை மாட்டுவது யார் என்பதும் தெரியும். புருஷனிடம் அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி அன்று லாட்ஜில் வேலை செய்துகொண்டிருந்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். நாலு மாடி ஏறி, அதற்கு மேல் ஓர் இரும்பு ஏணி. நான் ஏணியிலேயே நின்று தலையை மட்டும் நீட்டினேன். தம்பி ஒரு வெளிப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். அவள் தூக்கைக் கொடுக்காமல் நேரே பெட்டிக்குள் குனிந்தாள். அவன் பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டான். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டர் தன் வயிற்றில் கொஞ்சம் கரண்டை வைத்திருக்கும், தொட்டால் தூக்கி எறிந்துவிடும். அதன் இரண்டு முனையையும் ஒரு பல்பு வயரால் தொட்டு, உள்ளே இருந்ததை இறக்கிவிட்டு, இப்போது பார் என்றான். தங்கச்சிமேல் பாசத்துக்குக் குறைச்சல் இல்லை.

அவள் மோட்டார்ப் பட்டையைத் துடைத்துப் படித்தாள். ஐந்து. டப்பாவைத் திருப்பிப் படித்தாள். ஏழரை. பக்கத்துப் பெட்டி, அதற்கடுத்த பெட்டி. எல்லாம் அப்படித்தான்.

"ஏண்ணே, ஊரெல்லாம் ஏழரையை விரட்டப் பாக்குது. நீ காசு குடுத்து வாங்கி எங்க வீட்டுல மாட்டியிருக்கியே."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. எனக்கு மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்க வந்தியா, சாயங்காலம் இந்த மாடிக்கு வந்து நின்று பார், ஐந்து போட்டால் பாதி விசிறி எழுந்திருக்காது, அப்போது மேனேஜருக்கு நீ வந்து பதில் சொல்லுவியா என்று கத்தினான். அவளும் விடவில்லை. சாப்பாட்டுத் தூக்கு ஏசி மேலேயே இருந்தது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா, இரண்டையும் ஓட விட்டுப் பார்ப்போம், யார் சொல்வது சரி என்று மோட்டார் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது ஏணியில் அவள் கால் தேடித் தேடி வைத்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவானோ மாட்டானோ என்று இருந்தது. வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவே இல்லை. பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளையை மேஜைக்கு முன்னால் நிறுத்துவதா என்று முந்தின நாளே சொல்லியிருக்கிறார். கதவை மூடிக்கொண்டு நாம் நாலு பேர்தானே இருக்கப்போகிறோம் என்று சின்னவள் சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

ஒரே மாதிரி இரண்டு மோட்டார், இரண்டும் மாப்பிள்ளை கட்டினது. ரெக்கை மாட்டி, மரச்சட்டத்தில் முடுக்கி, ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஏழரை. காலையில் வோல்டேஜ் நன்றாக இருந்தது. இரண்டும் ஓடின. மேஜையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தன. தம்பி வயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கிற டாங் டெஸ்டரைத் தானே எடுத்து, ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகிற வயரில் மாட்டிப் பார்த்தான். முதலில் ஒன்றில், அப்புறம் மற்றதில். திரும்ப முதலில். ஏழரை மாட்டினதில்தான் கரண்ட் கூடுதலாகக் காட்டிற்று. டெஸ்டரைக் கீழே வைத்தான்.

வெயில் ஏறிற்று. சின்னவள் என்னைக் கூப்பிட்டு இரண்டிலும் கை வைக்கச் சொன்னாள். ஐந்து மாட்டின மோட்டார் காய்ச்சல்காரன் நெற்றிபோல் இருந்தது. மற்றதில் வைத்த கையை எடுத்துவிட்டேன். வார்னிஷ் வாடை வரத் தொடங்கியிருந்தது. தம்பியும் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பிடிவாதமாக வைத்திருந்தான், பிறகு வேட்டியில் துடைப்பதுபோல் எடுத்துக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்க்கலாம் என்றான்.

சாயங்காலம் குண்டு பல்பு மங்கிற்று. தெருவில் ஏசிகள் உறுமத் தொடங்கின. இரண்டு மோட்டாரையும் நிறுத்தி, மறுபடி போட்டார்கள். ஏழரை மாட்டினது எகிறிக் கிளம்பிற்று. ஐந்து மாட்டினது உறுமியது, ரெக்கை அரைச் சுற்று நகர்ந்தது, நின்றது. தம்பி தங்கையைப் பார்த்தான்.  அவன் சொன்னதும் பொய் இல்லைதானே.

யாருமே எதிர்பார்க்கவில்லை, மாப்பிள்ளை பேசினார்.

"வோல்டேஜ் இல்லாததுக்குக் கம்பி என்ன பண்ணும் மச்சான். அனுப்புறதை வாங்கிக்குது. சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்க ஜெயிக்கிறீங்க. மிச்ச நேரமெல்லாம் அது வேகுது."

வோல்டேஜ் இல்லாத வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும், மோட்டார் தலையில் கட்டக்கூடாது என்று சின்னவள் தொடர்ந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தம்பி இரண்டு டப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டீ கொண்டுவந்தபோது அவன் இல்லை.

அதற்குப் பிறகு அவன் எங்கள் யார் வீட்டுக்கும் வரவில்லை. தம்பி பெண்டாட்டி என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் எரிந்து விழுகிறார், அக்காவும் தங்கையும் சேர்ந்து என்ன பண்ணினீர்கள் என்றாள். நான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, இது வெளியே தெரிந்தால் இவரை எவன் வீட்டுக்குள் விடுவான் அண்ணி, இத்தனை வருஷத்தில் இவர் கை வைத்த மோட்டாரையெல்லாம் எண்ணிப் பார்க்க மாட்டார்களா என்றாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது.

மேனேஜர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கம்பெனிக்குப் போவதற்கு ஒரு பெட்டியைத் தூசி தட்டி வைத்திருந்தார். நான் சின்னவளிடம், நீயே போய் மேனேஜரிடம் சொல்லிவிடேன், கரி பிடித்த காயில் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் போதுமே என்றேன். அவள் உளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நான் போய்ச் சொன்னா அது அண்ணனைக் காட்டிக் குடுத்தது. அவன் போய்ச் சொன்னாத்தான் சொன்னது."

அவன் சொல்லாவிட்டால் என்று கேட்டேன். சொல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் போவார், நான் இருப்பேன், அவ்வளவுதான் என்றாள். மூன்று பேரில் பிடிவாதம் அவளுக்குத்தான் அதிகம் என்று அப்பா சொல்லுவார்.

கடைசியில் ஒரு காலையில் தம்பி வந்தான். வாசலில் நின்றபடியே, மாப்பிள்ளை, சட்டையைப் போடுங்கள், லாட்ஜ் வரைக்கும் போய்வரலாம் என்றான். அங்கே நடந்ததை மாப்பிள்ளைதான் பிறகு சின்னவளிடம் சொன்னார், அவரிடமிருந்து வார்த்தை வார்த்தையாகப் பிடுங்கி அவள் என்னிடம் சொன்னாள். மேனேஜர் அறையில் தம்பியை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் உட்காரவில்லை. வழக்கம்போல் முட்டி வலி விசாரிக்கவும் இல்லை.

"சார், இவரு கட்டின காயில்ல குத்தம் இல்ல. அளவு மீறி கெப்பாசிட்டர் போட்டது நான். தெரியாமத்தான் போட்டேன், ஆனா போட்டது நான்தான். எல்லாத்தையும் நானே மாத்திக் குடுத்துடறேன்."

மேனேஜர் கோபப்படவில்லையாம். யோசித்துவிட்டு, காயில் வேலை பழையபடி உங்கள் கடைக்கே வரும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். தம்பியிடம், டப்பாக்களை மாற்றிக் கொடுங்கள், அதற்கப்புறம் சர்வீஸுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மாப்பிள்ளை குறுக்கே பேசப் போயிருக்கிறார். தம்பி அவர் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்துவிட்டான்.

லாட்ஜ் மாடியில் எல்லாவற்றையும் மாற்றினான். பிறகு வீடு வீடாகப் போனான். நல்ல ஏழரையைக் கழற்றிவிட்டு ஐந்து மாட்டினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா. சாயங்காலம் விசிறி மெதுவாகக் கிளம்புகிறது, முன்னே மாதிரி இல்லை, காத்துக்காரருக்கு வயசாகிவிட்டது என்று பேச்சு வந்தது. ஸ்டெபிலைசர் வையுங்கள் என்று அவன் சொன்னால், கமிஷன் வாங்கிக்கொண்டு சொல்கிறான் என்றார்கள். சில வீடு போயிற்று. காலரைத் தூக்கிவிடுகிற பழக்கமும் போயிற்று. ஆனால் பெட்டி பரணுக்குப் போயிற்று, மாப்பிள்ளை எங்கேயும் போகவில்லை. அந்தக் கோடையில் கட்டின மோட்டார்கள் அடுத்த கோடையில் மேஜைக்கு வரவில்லை.

வேலை குறைந்த பொழுதில் தம்பி அந்த முன் அறையிலேயே வந்து உட்காரத் தொடங்கினான். அவனுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு ஒன்றும் இருக்காது. ஒருவர் கம்பி சுற்றுவார், ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போதெல்லாம் கெப்பாசிட்டர் போட வேண்டியது உனக்குத்தான் அண்ணே என்று சின்னவள் வம்புக்கு இழுப்பாள். அவன் சிரிக்க மாட்டான், எழுந்துபோகவும் மாட்டான்.

அப்படி ஒரு நாள் நாங்கள் எல்லோரும் இருக்கும்போதுதான் லாட்ஜில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் எரிந்த மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சின்னவள் அதைத் தொடவில்லை. இதோடு மாட்டியிருந்த கெப்பாசிட்டர் எங்கே என்று கேட்டாள். அது எதற்கு, வண்டிப் பையில் எங்கேயோ கிடக்கும் என்றார் அவர். அதையும் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை வாங்குவோம் என்றாள்.

"என்னம்மா இது, டாக்டர் வீட்டுக்கு வந்தா முன்னாடி தின்ன மாத்திரையையும் கொண்டாரணுமா. இது யாரு போட்ட சட்டம்?"

வந்தவருக்கு லாட்ஜில் நடந்தது தெரியாமலா இருக்கும். தெரிந்துகொண்டே கேட்டாரோ என்னவோ.  தம்பி டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தான். சின்னவள் கையிலிருந்த வேறொரு கூட்டின் காடியைச் சுரண்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"எங்க அண்ணன் போட்ட சட்டம். அதோ உக்காந்திருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச அளவு இந்த ஊருல யாருக்கும் அது தெரியாது. அவருகிட்டயே கேளுங்க."

தம்பி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து, மோட்டாரைத் திருப்பிப் பட்டையைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"இதுல ஆறுன்னு போட்டிருக்கு. நீங்க எத்தனை மாட்டினீங்க?"

புது மெக்கானிக் வெளியே போய் வண்டிப் பையைத் துழாவினார்.